7:15க்கும் 9:26க்கும் நடுவில்

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை. அமெரிக்காவில் பிளாக்ஸ்பர்க் என்ற மலையூர். ஏப்ரல் பாதி தாண்டியும் அங்கே குளிர் விடுவதில்லை. அன்று காலையில் பலத்த காற்று, கூடவே பனித்தூறல். ஃபாக்ஸ்ரிட்ஜ் குடியிருப்பிலிருந்து வர்ஜீனியா டெக் வளாகத்துக்குப் போகும் பேருந்தில் தமிழும் தெலுங்கும் மராத்தியுமாகப் பேசிக்கொண்டு நெருக்கியடித்து நின்றோம். 9:05 வகுப்புக்காரர்கள் இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். எனக்கு அப்போது வகுப்பு கிடையாது. எலெக்ட்ரிக்கல் துறையில் எங்கள் ஆய்வகத்துக்குப் போய்க் கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்.

அதே வளாகத்தில், வெஸ்ட் ஆம்ப்ளர் ஜான்ஸ்டன் என்ற விடுதியின் நான்காவது மாடியில், 7:15 வாக்கில் இரண்டு மாணவர்கள் சுடப்பட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பேருந்தில் வந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

9:26க்குப் பல்கலைக்கழகத்திலிருந்து எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. விடுதியில் காலையில் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் நடந்திருக்கிறது, போலீஸ் விசாரிக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள், சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். இவ்வளவுதான். செத்தவர்கள் உண்டா என்று அதில் இல்லை. சுட்டவன் பிடிபட்டானா என்றும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த சீன நண்பர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "முடிந்துபோன விஷயம் போலிருக்கிறது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. காலையில் நடந்தது, போலீஸ் வந்துவிட்டது என்று படித்தால் யாருக்கும் அப்படித்தான் படும். வேலையைப் பார்த்தோம்.

அடுத்த மின்னஞ்சல் 9:50க்கு. துப்பாக்கியோடு ஒருவன் வளாகத்தில் திரிகிறான், கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள், ஜன்னல் பக்கம் போகாதீர்கள். இந்த முறை படிக்கும்போதே கை நடுங்கியது. ஆய்வகக் கதவைப் பூட்டி, ஆசிலோஸ்கோப் வைத்திருந்த கனமான மேசையை நான்கு பேர் சேர்ந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். விளக்கை அணைத்தோம். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ பேசினார்கள். காற்றில் அந்தக் குரல் உடைந்து உடைந்து வந்தது. உள்ளே இருங்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது. தெருவில் போலீஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன.

அந்த எச்சரிக்கை எங்கள் கையில் கிடைத்தபோது எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. நோரிஸ் ஹால் என்ற பொறியியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 9:40 வாக்கில் சூடு தொடங்கியது. 9:51க்குக் கொலையாளி தன்னையே சுட்டுக்கொண்டான். பத்துப் பதினொரு நிமிடங்களில் 174 தோட்டாக்கள். நோரிஸில் மட்டும் 30 பேர். காலையில் விடுதியில் இறந்த இருவரையும் சேர்த்து 32 பேர்.

எண்ணிக்கை எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் ஒருவர் என்றார்கள், பிறகு இருபதுக்கு மேல் என்றார்கள். கைப்பேசி இணைப்பு எல்லாருக்கும் நெரிசலில் முடங்கிக் கிடந்தது. கூகுள் டாக்கில் பச்சைப் புள்ளி எரிகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்தோம். இந்திய மாணவர்களின் பட்டியல் ஒன்றை யாரோ தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்டார்கள். பதில் வந்த பெயரையெல்லாம் அடித்தோம். சிவில் துறைக்காரர்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் வெகுநேரம் ஒன்றுமே இல்லை.

அப்பாவின் அழைப்பு எப்படியோ உள்ளே நுழைந்தது. கோபிசெட்டிபாளையத்தில் அப்போது இரவு எட்டு மணி இருக்கும்.

"கண்ணு, எங்க இருக்கறே? டி.வி.ல உங்க காலேஜைத்தான் காட்டறாங்க."

"உள்ளதான் இருக்கறனுங்கப்பா. கதவைப் பூட்டியாச்சு."

"வெளிய வந்துராத. போலீஸ்னு சொல்லித் தட்டுனாலும் திறக்காத."

அம்மா பின்னால் அழுவது கேட்டது. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. எங்களுக்கு மூன்றாவது, நான்காவது மின்னஞ்சல்கள் 10:17க்கும் 10:52க்கும் வந்தன. நான்காவதில்தான் நோரிஸ் ஹாலின் பெயரைப் பார்த்தோம். வெளியே விட்டபோது அந்தப் பக்கமே போகவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிப் போக ஹெலிகாப்டர்கள் வர முடியவில்லை, காற்று அவ்வளவு. எல்லாரையும் சாலை வழியாகவே கொண்டுபோயிருந்தார்கள்.

இரவில் சிவில் துறைக்காரர்களைப் பற்றித் தெரியவந்தது. 206ஆம் எண் அறையில் ஜி.வி. லோகநாதன் உயர்நிலை நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரும், அறையில் இருந்த 13 மாணவர்களில் 9 பேரும் போய்விட்டார்கள். எகிப்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் படிக்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். மும்பையிலிருந்து வந்திருந்த மாணவியை அவளுடைய தோழிகள் அன்று முழுக்க மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடினார்கள். அவளும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் அப்பா மறுபடி கூப்பிட்டார். "கரட்டடிபாளையத்துக்காரராமா கண்ணு, அந்த வாத்தியாரு? நம்மூருப் பையனாச்சே." எங்கள் வீட்டிலிருந்து அவர் பிறந்த ஊர் கூப்பிடு தூரம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு கால் நூற்றாண்டாக வர்ஜீனியா டெக்கில் ஆசிரியர். நான் அவரிடம் படித்ததில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று சிவில் துறைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடைய உடன்பிறந்தவர் தமிழ்நாட்டிலிருந்து தொலைக்காட்சியில் பேசியதை நாங்கள் கணினித் திரையில் பார்த்தோம். அந்த வாரம் ஃபாக்ஸ்ரிட்ஜில் யார் வீட்டிலும் ஒழுங்காக அடுப்பு எரியவில்லை.

பிறகு கேள்விகள் வந்தன. அப்போதைய வர்ஜீனியா ஆளுநர் டிம் கெய்ன் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். அது ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. படிப்பை முடிக்கும்வரை அந்த அறிக்கையும் பின்னால் வந்தவைகளும் என் மேசையிலேயே கிடந்தன. 7:15க்கும் 9:26க்கும் நடுவில் என்ன நடந்தது என்று நிமிட வாரியாகத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நடந்தது இது. விடுதியிலிருந்து 7:20க்குப் போலீசுக்குத் தகவல் போகிறது. சில நிமிடங்களில் வந்துவிடுகிறார்கள். இறந்த இருவரில் ஒருத்தியான பெண்ணுக்கு ஒரு காதலன், அவனிடம் துப்பாக்கி உண்டு என்று தெரியவருகிறது. இது தனிப்பட்ட பகை, சுட்டவன் ஊரை விட்டுப் போயிருப்பான் என்ற முடிவுக்கு வருகிறார்கள். 8:25க்கு நிர்வாகக் குழு கூடுகிறது. அந்தப் பையனைச் சாலையில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே நோரிஸிலிருந்து செய்தி வருகிறது. அவனுக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான கொலையாளி இடையில் தபால் நிலையத்துக்குப் போய் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் பொட்டலம் அனுப்பியிருக்கிறான். அதில் விழுந்த நேரமுத்திரை 9:01.

அந்த முதல் ஊகத்துக்காகப் போலீசை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த தடயம் அந்தப் பக்கம்தான் காட்டியது. ஊகம் பொய்த்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்காததுதான் என் நெஞ்சை அறுக்கிறது. இரண்டு பேரைச் சுட்டவன் பிடிபடவில்லை என்ற ஒரே விஷயம் மட்டும் 7:30க்கே உறுதியாகத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

சொல்ல வேண்டிய போலீசிடம் சொல்லும் வசதியே இல்லை. எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் கடவுக்குறி நிர்வாகத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில்தான் இருந்தது. போலீஸ் கேட்க வேண்டும், குழு கூட வேண்டும், வாசகம் எழுத வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு அனுப்ப வேண்டும். பீதி கிளம்பிவிடுமோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. முந்தைய வருடம் ஆகஸ்ட் 21, நான் சேர்ந்து வகுப்பு தொடங்கிய முதல் நாள், தப்பியோடிய கைதி ஒருவன் இரண்டு பேரைக் கொன்றுவிட்டு வளாகத்துப் பக்கம் பதுங்கியிருக்கிறான் என்று பல்கலைக்கழகத்தையே மூடினார்கள். மாணவர் மையத்தில் பிணைக்கைதிகள் என்று ஒரு வதந்தி கிளம்பி, கையைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் வெளியே ஓடியதை நானே பார்த்தேன். அந்தக் களேபரம் நிர்வாகத்தின் நினைவில் இருந்தது.

ஆனால் செய்தி எங்குமே போகவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்வித் துறை 2010 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கு மூச்சு அடைத்தது. எங்களுக்கு மின்னஞ்சல் வருவதற்கு 21 நிமிடம் முன்பே வளாகத்தில் குப்பை அள்ளும் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிகள் வெளிக்கதவுகளைப் பூட்டியிருக்கின்றன. 21 நிமிடம் என்றால் 9:05. சரியாக வகுப்பு தொடங்கும் நேரம். எட்டு மணி வகுப்பு முடிந்து 8:50க்கு வெளியே வந்தவர்கள், பேருந்தில் இருந்தவர்கள், விடுதியிலிருந்து கிளம்பியவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அப்போது நடந்துகொண்டிருந்தார்கள். 9:26க்கு அவர்கள் வகுப்புக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். 2007இல் கையில் இருந்த போனில் மின்னஞ்சல் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அது கண்ணில் பட்டிருக்கும்.

நோரிஸுக்குள் நடந்த இன்னொரு சம்பவத்தை விசாரணைக் குழு பதிவு செய்திருக்கிறது. இதைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் குறைவு. கொலையாளி கட்டடத்தின் வாசல் கதவுகளை உள்ளிருந்து சங்கிலியால் பூட்டிவிட்டு, திறந்தால் குண்டு வெடிக்கும் என்று ஒரு சீட்டை ஒட்டியிருந்தான். அதைப் பார்த்த ஆசிரியை ஒருவர், மூன்றாம் மாடியில் இருந்த டீன் அலுவலகத்துக்கு ஒரு துப்புரவுப் பணியாளர் கையில் கொடுத்தனுப்பினார். அலுவலகத்தில் ஒருவர் போலீசைக் கூப்பிடப் போன நேரத்தில் கீழே வெடிச்சத்தம் கேட்டது. வெடிகுண்டு மிரட்டல் என்றால் உடனே போலீசைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் பல்கலைக்கழக விதி. அந்த ஆசிரியை மேல் எனக்குத் துளி கோபமும் இல்லை. பொறுப்பானவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலே தள்ளிவிடுவது எந்த நிறுவனத்திலும் படிந்துபோன பழக்கம். விடுதியில் நடந்த கொலைச் செய்தியும் அப்படித்தான் படிப்படியாக மேலே ஏறிப்போனது. பக்கத்து அறைக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் அது வரவே இல்லை.

எங்கள் பவானிசாகர் அணையில் உபரிநீர் திறப்பதென்றால் முன்பெல்லாம் கரையோர ஊர்களில் முன்கூட்டியே தண்டோரா போடுவார்கள். தண்ணீர் வீட்டுக்குள் வருமா வராதா என்று உறுதி செய்துகொண்டு யாரும் பறையைத் தூக்கியதில்லை. வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். மாட்டை அவிழ்ப்பதா, மேட்டுக்குப் போவதா என்பதை அவரவர் முடிவு செய்வார்கள்.

தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நோரிஸ் ஹாலே சாட்சி. அந்த வகுப்பறைக் கதவுகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. 206தான் முதலில் தாக்கப்பட்ட அறை. அவர்களுக்கு ஒரு நொடி அவகாசம் இல்லை. சத்தம் கேட்டுச் சுதாரித்துக்கொண்ட 205ஆம் அறைக்காரர்கள் மேசையைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார்கள். அவன் கதவைத் தள்ளிப் பார்த்தான், சுட்டுப் பார்த்தான், போய்விட்டான். அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை. 204இல் லிவியு லிப்ரெஸ்கு, யூதர்களைக் கொன்றொழித்த காலத்திலிருந்து தப்பி வந்த 76 வயது ஆசிரியர், கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மாணவர்களில் பலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அவர் இறந்துபோனார். சில நொடி அவகாசத்திலேயே இவ்வளவு செய்ய முடிந்தது. அரை மணி நேரம் கிடைத்திருந்தால் நிறையப் பேர் அந்தக் கட்டடத்துக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். விசாரணைக் குழு இவ்வளவு தூரம் போகவில்லை. 131 பெரிய கட்டடங்கள் உள்ள வளாகத்தைப் பூட்டுவது நடக்கிற காரியமில்லை, எச்சரித்திருந்தாலும் அவன் வேறு எங்காவது சுட்டிருப்பான் என்று அது எழுதியது. எச்சரிக்கை முன்னதாகவும் தெளிவாகவும் போயிருக்க வேண்டும் என்பதையும் அதே குழுதான் சொன்னது.

சட்டமும் அதைத்தான் சொல்லியிருந்தது. அந்தச் சட்டம் பிறந்ததே ஒரு பெண்ணின் சாவில். பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக மாணவி ஜீன் கிளெரி, வயது 19. 1986 ஏப்ரல் 5 அன்று தன் விடுதி அறையில் சக மாணவன் ஒருவனால் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளைச் சாத்தாமல் பிட்சா பெட்டிகளை இடுக்கில் செருகி வைத்திருந்தார்கள். அவன் அந்தக் கதவுகள் வழியாக உள்ளே வந்தான். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்று பெற்றோருக்கு மகள் போன பிறகே தெரிந்தது. தெரிந்திருந்தால் அங்கே சேர்த்திருக்கவே மாட்டோம் என்ற எண்ணம் அவர்களை விடவில்லை. அலைந்து திரிந்து 1990இல் கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். 1998இல் அதற்கு மகளின் பெயரையே வைத்தார்கள். கிளெரி சட்டப்படி, அரசு உதவி பெறும் எந்தப் பல்கலைக்கழகமும் வளாகக் குற்றங்களை வருடா வருடம் வெளியிட வேண்டும். வளாகப் போலீஸ் தினசரிக் குற்றப் பதிவேடு வைத்து, யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஆபத்து தொடர்கிறது என்றால் உரிய நேரத்தில் எச்சரிக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கடமையில் வர்ஜீனியா டெக் தவறியது என்பது கல்வித் துறையின் தீர்ப்பு. 2011இல் 55,000 டாலர் அபராதம் விதித்தது. பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. நிர்வாக நீதிபதி ரத்து செய்தார், கல்விச் செயலர் அதை மாற்றினார். கடைசியில் 2014இல் 32,500 டாலர் கட்டி அந்த வழக்கு முடிந்தது. குழந்தைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்கள் மாநிலத்தின் மேல் போட்ட வழக்கில் நடுவர் குழு அலட்சியம் என்றது. 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இரண்டாவது தாக்குதலை முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது, அதனால் எச்சரிக்கும் சட்டக் கடமை எழவில்லை என்பது அதன் வாதம். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முன்கூட்டி ஊகிக்க முடியாததால்தானே எச்சரிக்கை தேவைப்படுகிறது?

மாற்றங்களும் வந்தன, அதையும் சொல்ல வேண்டும். 2007 கோடையிலேயே கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி வந்தது. வகுப்பறைச் சுவர்களில் சிவப்பு எழுத்து ஓடும் மின்பலகைகள் மாட்டினார்கள். சங்கிலி போட முடியாதபடி கதவுப் பிடிகளை மாற்றினார்கள். 2008இல் கிளெரி சட்டத்தையே திருத்தினார்கள்: ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்றார்கள்.

2011 ஆகஸ்ட் 4 அன்று, கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகள் மூன்று பேர், துணி மூடிய துப்பாக்கி போன்ற ஒன்றோடு ஒருவர் போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். உடனே எல்லார் போனிலும் மணியடித்தது. பல மணி நேரம் அடைந்து கிடந்தோம். ஆளும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. வீண் பதற்றம் என்று யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் துறையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதே வருடம் டிசம்பர் 8. தேர்வுக்கு முந்தைய படிப்பு நாள். நான் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கட்டத்தில் இருந்தேன். மதியம் 12:36க்கு போன் அதிர்ந்தது: கொலிசியம் வாகன நிறுத்துமிடத்தில் துப்பாக்கிச் சத்தம், உள்ளே இருங்கள், கதவைப் பூட்டுங்கள். எங்கே, என்ன, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் அதில் இருந்தன. வளாகப் போலீஸ்காரர் ஒருவர் தன் வண்டியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சுட்டவன் இன்னொரு நிறுத்துமிடத்தில் தன்னையே சுட்டுக்கொண்டு கிடந்தான். அடுத்தடுத்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அதே நாளில்தான் 2007 அபராதத்தை எதிர்த்த மேல்முறையீட்டுக்காகப் பல்கலைக்கழக அதிகாரிகள் வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தார்கள். கதவைப் பூட்டி மேசையை நகர்த்தும்போது என் கை இந்த முறை நடுங்கவில்லை. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பப் போகும் அப்பா அம்மாக்கள் என்னைத் தேடி வருகிறார்கள். கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை கிடைக்குமா, குளிர் தாங்குமா, சைவச் சாப்பாடு உண்டா என்று கேட்கிறார்கள். ஜீன் கிளெரியின் பெற்றோர் வாங்கிக் கொடுத்த உரிமையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு அமெரிக்கப் பல்கலைக்கழகமும் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையை அக்டோபர் 1க்குள் வெளியிட வேண்டும். மூன்றாண்டுக் குற்றக் கணக்கு அதில் இருக்கும். எச்சரிக்கையை யார் முடிவு செய்கிறார்கள், யார் அனுப்புகிறார்கள் என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், புகாரே வாங்காத இடத்திலும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். பிள்ளை அங்கே போய் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்குவான். அந்த எண்ணை அன்றைக்கே பல்கலைக்கழக எச்சரிக்கைப் பட்டியலில் பதியச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு அடுத்த நாள் திறந்துகொள்ளலாம்.